மாமியார் சாக மறுக்கிறார்

"உன் வயித்துல வளர்றது என் வம்சமே இல்லடி."

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்மணி இதை மூன்றாவது முறையாக முணுமுணுக்கிறார். கடலூரிலிருந்து சென்னை போகும் விடியற்காலைப் பேருந்து ரெட்டிச்சாவடியைத் தாண்டிவிட்டது. அவர் விரல்களில் ஜெபமாலை, மடியில் பைபிள், பைபிளுக்குள் செருகிய ஐந்தாறு தாள்கள். ஜெபம் செய்கிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நடத்துநர் டிக்கெட்டை மெதுவாகக் கொடுத்துவிட்டு நகர்கிறார். முன் இருக்கைக்காரர் மட்டும், அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அம்மையார் அவர் முகத்தைப் பார்த்தே அடுத்த வரியைச் சொல்கிறார்: "பாக்கறியா? நல்லாப் பாத்துக்க. இந்த வாசப்படிய நீ தாண்டறது இதான் கடைசி." அதன்பிறகு பாண்டிச்சேரி வரும்வரை மனிதர் கழுத்தைத் திருப்பவில்லை.

கடலூர் செம்மண்டலம் அந்தோணிமேரியை உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் தெரியாது, முகத்தைக் காட்டினால் திட்டுவீர்கள். நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் சாவிக்கொத்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கிப் பார்க்கிற பார்வை. ஆறு வருடமாக, வாரத்தில் ஆறு நாளும் உங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து மருமகளை அழவைத்துவிட்டுப் போகும் மங்கையர்க்கரசி இவர்தான். தொடரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இவர் இன்னும் பத்து வருடம் அந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வயது ஐம்பத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கர். முதல் தொடரிலேயே பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். குங்குமமும் பட்டுப்புடவையுமாக ஒரு ஜமீன் அம்மா வந்து நிற்கும்போது கீழே அந்தோணிமேரி என்று எழுத்து ஓடினால் பொருத்தமாக இருக்காது என்றார்களாம். "குங்குமம் நீங்க வச்சது, வேல முடிஞ்சதும் அழிச்சிட்டுப் போறேன். பேரு எங்கப்பா வச்சது. அத எதப் போட்டு அழிக்கறது?" என்று கேட்டிருக்கிறார். பெயர் இன்றைக்கும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன்னால் பதினான்கு வருடம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றவர். கீழே நின்றபடி மேல்மாடிப் பையனுக்குக் கேட்கும்படி, "மூணாவது அடுக்கு, அரக்குல பச்ச பார்டர்!" என்று குரல் கொடுத்துக் கொடுத்தே தொண்டை தடித்துவிட்டது என்பார். அவருடைய அம்மா சொல்வது வேறு. பிறந்தபோதே ஆண்பிள்ளை அழுகிற மாதிரிதான் இருந்ததாம். எப்படியோ, கனமான, கொஞ்சம் கரகரப்பான, எங்கே நிறுத்தினாலும் எடுபடுகிற குரல். பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டபோது பெண்களுக்கென்று இருந்த மரியாள் வேடத்தையும் வானதூதர் வேடத்தையும் விட்டுவிட்டு, இவருக்கு ஏரோது மன்னன் வேடம் கொடுத்தார்கள். அன்றைக்கு ஏரோதைப் பார்த்து முன்வரிசைக் குழந்தைகள் அழுதன. விருந்தாளியாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சென்னை ஒப்பனைக்காரர் ஒருவர் மட்டும் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு போனார்.

பதினோரு வருடம் முன்பு, இவர் நடித்த முதல் தொடரின் முதல் நாள். செம்மண்டலத்து வீட்டில் தெருவே கூடியிருந்தது. முறுக்கு, காபி, பங்குச் சாமியார் வேறு வந்திருந்தார். திரையில் அந்தோணிமேரி வந்தார், வாயைத் திறந்தார். யாரோ ஒரு பெண் பேசினாள்.

மெல்லிய, தேய்த்துத் துடைத்த குரல். உதடு இவருடையது, சத்தம் இவருடையதல்ல. தெரு கைதட்டியது. இவர் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். "எல்லாரும் காபி குடிச்சாங்க, நான் கொழா தண்ணிய தொறந்து வுட்டுட்டு அழுதேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல சார். உன் மூஞ்சி போதும், கொரல் வாணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று என்னிடம் சொன்னபோது, பதினோரு வருடம் ஆகியும், அந்தக் கோபம் ஆறவில்லை.

தொலைக்காட்சித் தொடர் எடுக்கிற விதம் அப்படி. படப்பிடிப்பில் பேசுவதைப் பெரும்பாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பின்னால் ஒலிக்கூடத்தில் வேறொருவர் பேசிச் சேர்ப்பார். அதனால் நடிக்கிறவர்கள் வசனம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உதவி இயக்குநர் ராஜ்கமல் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிப்பார். அதைக் கேட்டு இவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மருமகளாக நடிக்கும் பெண் பெங்களூர்க்காரி. நீளமான வரி வந்தால் பாதிக்குமேல் "ஒண்ணு ரெண்டு மூணு நாலு" என்று சொல்லிக் கண்ணீர் விட்டுவிடுவாள். வீட்டில் பார்க்கிற நாம் அந்த எண்ணிக்கைக்குத்தான் மூக்கைச் சிந்துகிறோம்.

அந்தோணிமேரி மட்டும் மனப்பாடம் செய்கிறார். முந்தைய நாள் இரவு கைப்பேசிக்கு வரும் தாள்களை மகள் மேரி ஷாலினி அச்செடுத்துக் கொடுத்துவிட வேண்டும். பேருந்தில் கடலூர் முதல் திண்டிவனம் வரை ஒரு முறை, திண்டிவனம் முதல் தாம்பரம் வரை ஒரு முறை. எதற்கு என்று கேட்டேன். எப்படியும் வேறொருத்தி பேசப்போகிறாள், உதட்டை அசைத்தால் போதாதா?

"அவுங்க அழிச்சிக்கட்டும். அழிக்கறதுக்காவது ஒழுங்கா ஒண்ணு இருக்கணும்ல" என்றார்.

பெரிய பிடிவாதக்காரி என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

கடலூர் பான்பரி மார்க்கெட்டில் அவரோடு ஒருநாள் நடந்தேன். கத்தரிக்காய்க்காரப் பெண் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். "ஏம்மா, அந்தப் புள்ள வாயும் வயிறுமா இருக்குது. அதப் போயி மாடிப்படியில எண்ண ஊத்தி வுழ வச்சியே, நல்லா இருப்பியா நீ?" இந்த மாதிரி நேரத்தில் மற்ற நடிகர்கள் கையெடுத்துக் கும்பிட்டு, "அது கதைம்மா, நான் அப்படி இல்ல" என்பார்களாம். இவர் அப்படிச் செய்வதில்லை. ஒரு புருவத்தைத் தூக்கி, "மாமியாளுக்குத் தெரியாம சாவிய எடுத்தா எண்ணதான் ஊத்துவாங்க. உன் மருமவ எடுத்தா நீ பன்னீரு ஊத்துவியா?" என்றார்.

கத்தரிக்காய்க்காரி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கியது. பக்கத்துக் கடைக்காரியிடம், "இவுங்க அவுங்க இல்லடி. மொகந்தான் அதே மாதிரி இருக்குது. அவுங்க கொரலு இப்படியா தகர டின்னாட்டம் இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, வேறு ஆளைப் பார்த்தாள்.

வாயை மூடியிருந்தால் மங்கையர்க்கரசி, திறந்தால் யாரோ. அந்தோணிமேரி கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார்.

கணவர் மரியலூர்து சிப்காட்டில் ஓர் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். வாயைத் திறந்து பேசினால் மழை வரும் என்று மனைவி கேலி செய்யும் ரகம். தொடர் ஓடும் நேரத்தில் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மனிதர் ரிமோட்டை எடுத்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, தட்டில் தோசையோடு உட்கார்ந்து, அரை மணி நேரம் ஊமைப்படமாகப் பார்த்தார். ரிமோட் பழுதோ என்று கேட்டேன். "இல்லிங்க. மூஞ்சி என் வூட்டுக்காரம்மா மூஞ்சி. கொரலு வேற யாரோ பொம்பளது. வேத்துப் பொம்பள கொரல எதுக்கு நான் கேக்கணும்?" என்றார். பதினோரு வருடமாக இதே வழக்கமாம். அடுக்களையிலிருந்து அவர் மனைவி, "போதும் பேசனது, சட்னி வேணுமா?" என்று அதட்டினார். ஆனால் அந்தச் சட்னியை அவரே கொண்டுவந்து ஊற்றினார்.

அந்த வேற்றுப் பெண்மணியின் பெயர் சந்திரலேகா. சென்னையில் வடபழனிப் பக்கம் ஒலிக்கூடங்களில் காலை முதல் மாலைவரை யார் யாருக்கோ பேசுகிறவர். இருவரும் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, தொடரின் ஆயிரமாவது பகுதி விழாவில். சண்டைக்குத் தயாராகப் போயிருக்கிறார் அந்தோணிமேரி. சந்திரலேகா இவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மேரிம்மா, இருபது வருஷமா டப்பிங் பேசறேன். ஒண்ணு ரெண்டு மூணுக்கெல்லாம் வசனம் பொருத்திப் பொருத்தி உசுரு போகுது. உங்க வாய்க்குப் பேசற நாள் மட்டும் எனக்குத் திருநாள். ஒரு எழுத்து சிந்த மாட்டேங்கறீங்க" என்றாராம். வைத்திருந்த திட்டெல்லாம் வீணாய்ப் போய்விட்டது என்று அந்தோணிமேரி இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

இந்த மார்ச் மாதம் மங்கையர்க்கரசியைச் சாகடிக்க முடிவு செய்தார்கள்.

சேனலில் புதிதாக வந்த அதிகாரிக்குக் கதை இளமையாக வேண்டுமாம். மாமியார் மனம் திருந்தி, தன் சொந்த ஊரான சிதம்பரத்துக்குப் போய், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கம் பேசிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். இயக்குநர் இளவரசு தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது அந்தோணிமேரி வருத்தப்படவில்லை. நடிகையின் வாழ்க்கையில் சாவு சகஜம். இதற்குமுன் இரண்டு தொடர்களில் விபத்தில் போயிருக்கிறார், ஒன்றில் பாம்பு கடித்திருக்கிறது. நாலு பக்கம் என்ற சொல்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. பதினோரு வருடத்தில் அவருக்கு யாரும் நாலு பக்கம் எழுதியதில்லை.

"சார், அந்த நாலு பக்கத்த நானே பேசறேன்" என்றார்.

இளவரசு சிரித்திருக்கிறார். "மேரிக்கா, ஆறு வருசமா ஒரு கொரல். சாவறப்ப மட்டும் வேற கொரல்னா சனங்க டிவி ரிப்பேருன்னு நெனச்சிக்குவாங்க."

"அப்ப நான் சாவ மாட்டேன்."

விளையாட்டு என்று நினைத்தவர்கள் ஏப்ரலில் சாவுக் காட்சிக்குத் தேதி கேட்டார்கள். பங்குத் திருவிழா என்றார். அடுத்த வாரம் கேட்டார்கள். ஷாலினியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். ஷாலினிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, அது இளவரசுவுக்கும் தெரியும், அவர் வந்து சாப்பிட்ட கல்யாணம். மங்கையர்க்கரசி படுத்த படுக்கையாக மூன்று வாரம் இழுத்துக்கொண்டு கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கதையில் என்ன இப்படி ஜவ்வாக இழுக்கிறார்கள் என்று திட்டியும் இருப்பீர்கள். காரணம் செம்மண்டலத்தில் இருந்தது.

கடைசியில் தயாரிப்பு நிர்வாகி பேசினார். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. "நீங்க வர வேணாம்மா. உங்க போட்டோவப் பெருசா அடிச்சி, சந்தன மாலை போட்டு செவுத்துல மாட்டிட்டா கதை முடிஞ்சிது. ஒரு ஊதுபத்தி செலவு." சுவரில் மாலையோடு ஏறிவிட்டால் நாலு பக்கமும் போயிற்று, கட்டுப்படாத நடிகை என்று பெயர் பரவி அடுத்த தொடரும் போயிற்று. அந்தோணிமேரிக்கு அது நன்றாகவே தெரியும். ஜவுளிக்கடைக்குத் திரும்பிப் போகிற வயதும் இல்லை.

அன்று சாயங்காலம் அவர் சந்திரலேகாவைக் கூப்பிட்டார். அடுத்தவள் பிழைப்பில் கை வைக்கிறோமே என்கிற உறுத்தல் அவருக்கு இருந்தது. "உன் வேலைய நான் கேக்கறேன் சந்திரா. ஒரே ஒரு நாளு வேல. கோச்சிக்குவியா?"

"எனக்கு ஒரு நாள் போறதால ஒண்ணும் ஆயிடாது மேரிம்மா. கேளுங்க. குடுத்தா நல்லாப் பேசுங்க. குடுக்கலேன்னா, நீங்க எங்க மூச்சு வுட்டீங்களோ அங்கதான் நானும் வுடுவேன். அது என் பொறுப்பு" என்றார் சந்திரலேகா.

மறுநாள் அந்தோணிமேரி தேதி கொடுத்தார். ஒரே நிபந்தனை: நாலு பக்கத்துக்கும் ராஜ்கமல் வாயைத் திறக்கக் கூடாது, வசனத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதானா என்று இளவரசு உடனே ஒப்புக்கொண்டார். அந்த நிபந்தனையில் என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. எனக்கும் புரியவில்லை. "வாங்க சார், நான் சாவறத வந்து பாருங்க" என்று என்னை அழைத்தார், போனேன்.

சிதம்பரத்தில் மேலவீதியை ஒட்டிய சந்தில் ஒரு பெரிய வீடு. கூடத்தில் மரக்கட்டில், கட்டிலுக்கு மேல் நீளக் கழியில் தொங்கும் மைக். படப்பிடிப்பில் பதிவாகும் ஒலிக்கு அவர்கள் பைலட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டப்பிங் பேசுகிறவர் ஒரு வழிகாட்டிக்குக் கேட்டுக்கொள்வார், பிறகு அதை அழித்துவிடுவார்கள். அதில் எப்போதும் ராஜ்கமலின் குரல், மின்விசிறி, ஜெனரேட்டர், யாரோ டீ கேட்பது எல்லாம் கலந்து கிடக்கும், வேறு எதற்கும் உதவாது. ராஜ்கமல் வாயை மூடிவிட்டால், சுற்றிலும் அமைதியாகிவிட்டால், அந்தப் பைலட்டில் ஒரே ஒரு குரல்தான் இருக்கும், அதை அப்படியே ஒளிபரப்பவும் செய்யலாம். அம்மையாரின் கணக்கு எனக்கு அங்கே போய் நின்றபிறகுதான் விளங்கியது.

முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மே மாத வெயில், எல்லோரும் முனகினார்கள். ஜெனரேட்டர் வண்டியைச் சந்துக்கு வெளியே தள்ளச் சொன்னார். அதற்குப் பிறகும் தெருச் சத்தம் கேட்டது. இளநீர்க்காரர் வெட்டும் சத்தம், எதிரே ஒரு பட்டறையில் வண்டியை முறுக்கிப் பார்க்கும் சத்தம். நிர்வாகி பார்த்துக்கொண்டு நின்றார். அந்தோணிமேரி சாகக் கிடக்கும் ஒப்பனையோடு, வெளுத்த முகம், கலைந்த தலை, வாசலுக்கு வந்து நின்றார்.

"தம்பி, வண்டிய நிறுத்து. அண்ணே, அந்தக் கத்தியக் கீழ வைங்க. பத்து நிமிசம் யாரும் சத்தம் போடாதீங்க. நான் சாவப் போறேன்."

பதினான்கு வருடம் மேல்மாடிக்கு எட்டிய குரல். சந்து அப்படியே நின்றது. இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர் உறிஞ்சுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

பிறகு உள்ளே போய்ப் படுத்தார், மருமகளின் கையைப் பிடித்தார், பேசினார்.

"இந்த சாவிக்கொத்த இடுப்புல சொருவனப்ப எனக்குப் பத்தொம்போது வயசு. சொருவி வுட்டவங்க யாரும் எறக்கி வைன்னு சொல்லவே இல்ல. பாரமா இருக்குதான்னு கேட்டவங்க இல்ல. நீ அதத் தொட்டப்ப எம்மேல கைய வச்ச மாதிரி இருந்துது. அதான் அடிச்சேன். இன்னிக்கும் அது தப்புன்னு எனக்கு முழுசா தோணல. ஆனா உனக்கு வலிச்சிருக்கும்னு தோணுது."

எழுதியவர் எழுதியது வேறு மாதிரி. தாளை நான் பார்த்தேன். "என்னை மன்னித்துவிடு மகளே" என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் அவர் பேருந்திலேயே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தனக்குத் தெரிந்த மாமியார்கள் சொல்லக்கூடியதை வைத்துக்கொண்டு வந்திருந்தார். மெல்லிய குரலில் அதைச் சொல்லியிருந்தால் வெறும் அழுகையாகியிருக்கும். இந்தக் கரகரப்பில் அது கடைசிவரை தலைகுனியாத ஒருத்தியின் பேச்சாக இருந்தது. பெங்களூர்ப் பெண் எண்ணிக்கையை மறந்துவிட்டு உண்மையாகவே அழுதாள். ராஜ்கமல் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாலு பக்கம், ஒரே மூச்சில், ஒரு தடுமாற்றம் இல்லை. தொடர்களை மட்டமாகப் பேசித் திரிகிற நான் தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இளவரசு ஒலிப்பதிவாளரிடமிருந்து ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். அவரும் கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்துக்காரர். சென்னையில் அந்த ஊர்ப் பேச்சை ஒளித்துவைத்திருப்பவர். ஹெட்போனைக் கழற்றும்போது, "எங்கம்மா பேசற மாதிரியே இருக்குதுக்கா" என்றார், குரல் உடைந்திருந்தது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். சேனலிடம் பேசினார், கால் மணி நேரம். கெஞ்சியதும் கேட்டது, ஒரு தடவை கத்தியதும் கேட்டது.

அதற்குள் இங்கே அந்தோணிமேரியைப் பிணமாக்கிவிட்டார்கள். பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை, நெற்றியில் நாணயம், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு, மூக்கில் பஞ்சு. அவர் அப்படிப் படுத்திருக்கும்போதுதான் இளவரசு திரும்பி வந்தார். தலைமாட்டில் குனிந்து, அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒத்துக்கலக்கா. எவ்ளோ சொல்லியும் ஒத்துக்கல. ஆறு வருசத்துக் கொரல மாத்த முடியாதுங்கறாங்க. அந்த வசனம் இருக்கட்டுமாம், கொரல் மட்டும் சந்திரலேகாவே பேசட்டுமாம்."

தாடைக்கட்டு இறுக்கமாக இருந்தது. கண் மட்டும் ஒருமுறை மூடித் திறந்தது. ஓரத்தில் ஈரம் தெரிந்ததும் ஒப்பனைக்காரர் ஓடிவந்து ஒற்றினார். பிணம் அழக்கூடாது.

"ஷாட்டுக்குப் போலாம் தம்பி" என்று கட்டுக்குள்ளிருந்தே சொன்னார். ஆறு வருடத்தில் இளவரசுவை அவர் சார் என்று கூப்பிடாதது அன்றுதான்.

எடுத்தார்கள். மார்பு அசையாமல் ஒன்றரை நிமிடம் கிடந்தார். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், கேமரா அவர் முகத்தருகே வந்து நின்று, விலகியது. இளவரசு கட் சொன்னார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிணமாக நடித்தவர், ஷாட் முடிந்த கையோடு, கேமராவை அணைக்கும் முன் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கேமரா கடைசியாகப் பார்த்தது பிணமாக இருக்கக் கூடாது, நடித்தவர் ஆயுளுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. கேமராவைச் சும்மா ஓடவிடுவார்கள், அந்தப் படத்தை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்வதில்லை, அதற்கு யாரும் டப்பிங் பேசுவதுமில்லை. பெரிய நட்சத்திரமானாலும் இதற்கு விலக்கில்லை. பூசணிக்காயில் கற்பூரத்தை ஏற்றிவைத்துக்கொண்டு ராஜ்கமல் தயாராக நின்றார். "சிரிங்கம்மா, கேமராவப் பாத்து சிரிங்க" என்று நாலு பக்கமிருந்தும் சொன்னார்கள்.

அந்தோணிமேரி எழுந்து உட்கார்ந்தார். நெற்றியிலிருந்த நாணயம் உருண்டு மடியில் விழுந்தது. மூக்குப் பஞ்சை எடுத்துப் போட்டார், தாடைக்கட்டைத் தலைவழியாகக் கழற்றினார். கேமராவைப் பார்க்கவில்லை. மேலே தொங்கிய மைக்கைக் கை நீட்டிப் பிடித்து, கழியோடு வாய்க்குப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு, ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் காதிலிருந்து பிடுங்கி எடுக்கும்வரை, சிரித்தார்.